எட்டாவது தொட்டித் தண்ணீர்

பிறந்த நாளிலிருந்து என் கோபத்துக்கெல்லாம் தலையைக் கொடுத்த என் செல்லமே, என் தம்பி காளிராசு,

வைகாசி வந்துவிட்டது. நீ போய் ஒரு வருஷம். திருத்தங்கல் அச்சாபீஸில் நான் மடித்து அடுக்குகிற நினைவஞ்சலி நோட்டீஸ்களில் இந்த வாரம் உன்னுடையதும் ஒன்று. நான் எழுதிக் கொடுத்த தாள்களைப் பார்த்ததும் முதலாளி அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஏம்மா முத்துலச்சுமி, ஒரு போட்டோ, பெறந்த தேதி, எறந்த தேதி, கீழ 'பிரிவால் வாடும்'னு குடும்பத்துப் பேரு. நாலு வரில முடியிற காரியம். இம்புட்டையும் எவன் நின்னு படிப்பான்?"

"நான் வாடல அண்ணாச்சி, கொதிச்சுக்கிட்டு இருக்கேன். எங்க தெருவே நின்னு படிக்கும். நீங்க அடிச்சுக் குடுங்க."

உன்னைத் தீ கொன்றுவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஒரு வருஷமாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். உடம்பில் தீப்பிடித்தால் ஓடிப்போய் விழுவதற்கென்று ஷெட்டு வாசலில் கட்டி வைத்த தொட்டியில் தண்ணீர் இல்லை, அதுதான் உன்னைக் கொன்றது என்றேன். அந்தத் தண்ணீரைக் குடித்தவன் எவன் என்று கேட்டுக் கம்பெனி ஆபீஸ் ஜன்னல் கண்ணாடியைக் கல்லால் உடைத்தேன். போர்மேனைக் கன்னத்தில் அறைந்தேன். கேட்ட கேள்விக்குப் போன வாரம்தான் பதில் கிடைத்தது. அந்தப் பதிலில் நீ இருக்கிறாய். நான் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் இருக்கிறாள். நாலு வரியில் இதை எப்படி அடக்க?

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் தெருவுக்கும் தெரியட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் வாயைத் திறக்காதே.

விருதுநகருக்கு ஒரு வேலையாகப் போன இடத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஒருநாள் ஓடி வந்தாய். மண்ணே இல்லாமல், பிளாஸ்டிக் பைப்பில் ஓட்டை போட்டு, உரம் கரைத்த தண்ணீரை உள்ளே ஓடவிட்டுச் செடி வளர்க்கலாமாம். ஹைட்ரோபோனிக்ஸ் என்று நீ சொன்னாய். தெருவில் பைப்புத் தோட்டம் என்றார்கள். நான் பைத்தியக்காரத்தனம் என்றேன்.

"அக்கா, நம்ம பரம்பரையே அடுத்தவன் காட்டுலதான களையெடுத்துச்சு. நமக்குன்னு ஒரு சாண் மண்ணு உண்டா? மண்ணே வேண்டாத வெவசாயம் இருக்குன்னா நான் விட்டுருவனா?" என்று கேட்டாய். மொட்டை மாடியில் நீ பைப்புகளை அடுக்கினாய். டீக்கடைப் பிளாஸ்டிக் டம்ளர்களின் அடியில் சூட்டுக்கம்பியால் துளை போட்டு, தேங்காய் நார் வைத்துப் புதினாக் குச்சிகளை நட்டாய். மீன் தொட்டிக்குப் போடுகிற சின்ன மோட்டார் ஒன்று கொறகொற என்று தண்ணீரைச் சுற்றிவிட்டது.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன் நீ. உப்புகளைச் சலிப்பதும் எடை போடுவதும் உன் அன்றாட வேலை. உரக் கரைசல் உனக்குச் சுளுவாக வந்தது. தண்ணீர்தான் அமையவில்லை.

போர் தண்ணீரை ஊற்றினாய். ஒரே வாரத்தில் இலை நுனியெல்லாம் கருகி, டம்ளர் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. கல்குவாரித் தண்ணீரைக் கொண்டு வந்தாய், பாசி பிடித்து நாறியது. ஆமத்தூர்த் தோட்டக் கிணறு மார்கழி மாசம் இனித்தது, தையில் உப்பாகிவிட்டது. கேன் தண்ணீரில் செடி தளதளவென்று வந்தது, ஆனால் நம்மைப் போன்ற வீட்டுக்குக் கட்டுபடியாகுமா? தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்க வந்தவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, உப்பு அளக்கிற பேனா மாதிரி ஒரு மீட்டர் வாங்கி வைத்திருந்தாயே, அதைக் கண்ட இடத்திலெல்லாம் விட்டு அளந்தாய். என் ரசத்துக்குள் விட்டபோது கரண்டியால் உன் மண்டையில் ஒன்று போட்டேன். "நம்பரு எகிறுதுக்கா, உப்பக் கொறைங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய்.

"எந்தத் தண்ணியா இருந்தா என்னலே?" என்று கேட்டேன்.

"தண்ணியிலயே உப்பு ஏறி உக்காந்துருச்சுன்னா நான் போடுற உரம் எங்கக்கா உக்காரும்? சீசன் நேரத்துக் கம்பெனி பஸ்ஸு மாதிரிதான். எடம் இருந்தாத்தான ஆளு ஏறும்?"

கடைசியில் தெருக்குழாய்த் தண்ணீர்தான் ஒத்துவந்தது. பிளீச்சிங் பவுடர் வாடை போக ஒரு நாள் முழுக்க டிரம்மில் திறந்து வைத்துவிட்டு ஊற்றினால் புதினா நிமிர்ந்து நின்றது. ஆனால் அந்தக் குழாயில் தண்ணீர் வருவது பத்து நாளைக்கு ஒரு தடவை. அதற்குத் தெருவில் எத்தனை குடம் காத்துக் கிடக்கும் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். தெரிந்தேதான் நான் இரண்டு குடம் கூடுதலாகப் பிடித்துக் கொடுத்தேன்.

மாசி மாசம் ஒரு காலையில் பேச்சியம்மாள் என் குடத்தைக் காலால் எத்திவிட்டாள்.

"எங்க பிள்ளைக நாக்கு வறண்டு கெடக்கு. ஒங்க வீட்டுச் செடிக்கு நல்ல தண்ணி கேக்குதோ?"

"ஒன் வாயக் கிழிச்சுத் தச்சுப்புடுவேன்டி!" என்று பாய்ந்து அவள் கொண்டையைப் பிடித்து ஆட்டினேன். அடர்த்தியான முடி அவளுக்கு. ஒரு பிடி என் கையோடு வந்தது. அவள் எவர்சில்வர் குடத்தைத் தூக்கி என் உச்சியில் இறக்கினாள். ரத்தம் கண்ணுக்குள் வழிய வழியத்தான் அவளைக் கீழே தள்ளி மிதித்தேன். நாலு பேர் சேர்ந்து பிரித்துவிட்டார்கள். எனக்கு நாலு தையல். இரண்டு வீட்டுக்கும் அன்றைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கையோடு உலக்கையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். உன் பைப்பு ஒவ்வொன்றையும் அடித்து நொறுக்கினேன். மோட்டாரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். நீ தடுக்கவில்லை. உடைந்த பைப்புக்குள்ளிருந்து புதினாக் குச்சிகளைப் பொறுக்கி ஒரு வாளியில் போட்டுக்கொண்டிருந்தாய். அந்தப் பொறுமை என்னை இன்னும் வெறியாக்கியது.

"இனிமே தெருக்குழாய்த் தண்ணி ஒரு சொட்டு இந்த மாடி ஏறுச்சு, ஒன் கால ஒடிச்சு அடுப்புல வச்சுருவேன். செத்தாலும் நீ வேற தண்ணியப் பாரு!"

நான் சொன்ன வார்த்தை இது. மாற்றாமல் எழுதுகிறேன்.

பங்குனியில் மறுபடியும் பைப்பு ஒட்டினாய். மொபெட்டில் இரண்டு பக்கமும் கேன் கட்டித் தண்ணீர் கொண்டு வந்தாய். எங்கிருந்து என்று கேட்டதற்கு, "ஆமத்தூர்ப் பக்கம் இன்னொரு கெணறுக்கா. யாரும் எடுக்கிறதில்ல" என்றாய். புதினா காடாக வளர்ந்தது. விருதுநகர்ப் பிரியாணிக் கடைக்காரர் வந்து பார்த்து, மண் ஒட்டாத புதினா, அலச வேண்டிய வேலையில்லை என்று தினப்படி கட்டு கேட்டார். "இந்தத் தீவாளி சீசனோட வெடிக்கு ஒரு கும்பிடுக்கா" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினாய். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. உன்னை உயிரோடு அந்தக் கம்பெனிக் கேட்டை விட்டு வெளியே கொண்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் சாமியிடம் நான் கேட்டது.

போன வைகாசியில் அந்த மத்தியானம் அச்சாபீஸில் கரண்டு இல்லை. இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தோம். தரை ஒரு தடவை உதறியது. பிறகுதான் சத்தம் வந்தது. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டாம். வெள்ளைப் புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்த்தேன். செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

உன் ஷெட்டில் நீயும், அதே ஷெட்டில் வேலை பார்த்த பேச்சியம்மாளும்தான் இருந்தீர்கள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சுவர் மட்டும் நின்றது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். கரிப்பிடித்த ஒரு சேலைத் துண்டும் அடியில் கொஞ்சம் கலங்கலும் கிடந்தன. பேச்சியம்மாளைத் தொட்டிக்குள்ளிருந்தும் உன்னைத் தொட்டிக்கு வெளியிலிருந்தும் எடுத்துப் போனதாகச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாய். உன் முதுகை நான் பார்த்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். வாயைத் திறந்தபோதெல்லாம் நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கரண்டு வந்துருச்சாக்கா?"

காந்தலுக்குக் காற்று கேட்கிறாய் என்று நினைத்தேன். ஒரு கேலண்டர் அட்டையை வைத்து விசிறினேன். விசிறிக்கொண்டே, "வந்துரும்டா, வந்துரும்டா" என்றேன். திரும்பவும் கேட்டாய். திரும்பவும் விசிறினேன். மூன்றாம் நாள் காலையில் கேட்பதை நிறுத்திவிட்டாய்.

அதன்பிறகு நான் ஆடிய ஆட்டம் ஊருக்கே தெரியும். தொட்டி ஏன் காலி என்று கேட்டால் போர்மேன் கையைப் பிசைந்தார். "சத்தியமா ரொம்பி இருந்துச்சும்மா, ஐப்பசி மழையில எட்டுத் தொட்டியும் ரொம்பி மூடி போட்டு வச்சிருந்தோம்" என்றார். பொய் சொல்கிறாயாடா என்று விட்டேன் ஓர் அறை. நோட்டீஸுக்கு முதலில் நான் எழுதிய வாசகம் வேறு, காளி. 'தொட்டியில் தண்ணீர் வைக்காத பாவிகளால் கொல்லப்பட்ட என் தம்பி' என்று எழுதியிருந்தேன்.

அதைப் பேச்சியம்மாளுக்குப் படித்துக் காட்டப் போனேன். உன்னால் பிழைத்தவள் அல்லவா? உன் போட்டோவைச் சாமி படங்களோடு மாட்டி வைத்திருக்கிறாள். சண்டையெல்லாம் எப்போதோ போய்விட்டது. நான் படிக்கப் படிக்க அவள் முகம் செத்துக்கொண்டே வந்தது.

"யக்கா, நிறுத்துங்க. அப்படிப் போடாதீக. தொட்டியக் காலி பண்ணது நாங்கதேன்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் சொன்னாள்.

"ஒங்க மண்டைய ஒடச்ச பெறகு எனக்கு மனசு ஆறல. கம்பெனியில வச்சுக் காளிகிட்டச் சொன்னேன். எலே, இனிமே தெருக்குழாய்ப் பக்கம் வராத, இங்கன எட்டுத் தொட்டி மழைத்தண்ணி சும்மா கெடக்கு. தீக்கு நல்ல தண்ணி, உப்புத் தண்ணின்னு தெரியவா போகுது? நல்லத நீ எடு, போர் தண்ணிய ஊத்தி நெரப்பிருவோம்னேன். மீட்டர விட்டுப் பாத்துட்டுக் குதிச்சான் யக்கா. ஒரு தொட்டிய நாலஞ்சு நாள்ல மொண்டு முடிப்போம். முடிஞ்ச அன்னைக்கே கழுவி, மோட்டார் போட்டு நெரப்பிருவோம். ஏழு தொட்டி அப்படித்தேன் மாத்துனோம். நாந்தேன் கேனு பிடிச்சுக் குடுத்தேன். எங்க ஷெட்டுத் தொட்டி மட்டும் கடைசின்னு வச்சிருந்தான். அத மொண்டு முடிச்ச அன்னைக்குப் பாத்து டிரான்ஸ்பார்மர் எரிஞ்சுபோச்சு. மோட்டார் ஓடல. கரண்டு வந்ததும் மொத வேலை தொட்டிதான் மதினின்னான். மறுநாளும் கரண்டு வரல."

மறுநாள் மத்தியானம்தான் வெடித்தது.

"எஞ் சேலையில பிடிச்சுக்கிருச்சு. என்னத் தூக்கிட்டு ஓடியாந்து தொட்டிக்குள்ள போட்டான். முழங்கால் தண்ணிகூட இல்ல. என்னப் பெரட்டிப் பெரட்டி, இருக்கிறதக் கையால அள்ளி அள்ளி ஊத்துனான். அவன் முதுகு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு யக்கா. ரெண்டு பேரு விழ எடம் இருந்துச்சு. தண்ணி இல்ல."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்றைக்குக் குழாயடியில் பாய்ந்த மாதிரியே பாய்ந்தேன். முடியைப் பிடித்துச் சுவரில் மோதி அவளைக் கொன்றுவிட வேண்டும் என்றுதான் கை போனது. இடது பக்கம் பிடிக்க முடியே இல்லை. வெந்து ஆறிய வழவழப்புத் தோல்தான் இருந்தது. என் விரல் வழுக்கிக்கொண்டு அவள் காதுக்கு வந்தது. காதும் பாதிதான் இருந்தது.

"கொல்லுங்கக்கா. ஒரு வருசமா அதுக்குத்தேன் உக்காந்திருக்கேன்" என்றாள்.

கொல்ல முடியவில்லை. என் தலையை அவள் வீட்டுச் சுவரில் மோதினேன், அவள் குடத்தால் கிழித்த அதே இடத்தில். இரண்டு தடவை மோதியதும் அவள் என்னைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். நான் அவள் முதுகில் குத்தினேன். அவள் விடவில்லை. இரண்டு பேரும் தரையில் கிடந்து ஊளையிட்டதைக் கேட்டு அவள் பிள்ளைகள் ஓடி வந்து, மறுபடியும் குழாய்ச் சண்டை என்று பயந்துபோய் நின்றன.

ஏண்டா சண்டாளா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் உன்னை வெட்டிப் போட்டிருப்பேன் என்று நினைத்தாயா? சொல்லியிருந்தால் தெருவில் யார் காலிலாவது விழுந்து இரண்டு குடம் தண்ணீர் வாங்கி அந்தத் தொட்டியில் ஊற்றியிருப்பேனே. ஆனால் செத்தாலும் வேறு தண்ணீரைப் பார் என்று உன்னிடம் சொன்னவளும் நான்தானே? உலக்கையோடு நின்றவளிடம் நீ எப்படிச் சொல்வாய்? இதற்கு நீயும் பதில் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

கம்பெனிக்காரர்களையும் நான் விட்டுவிடவில்லை. ஏழு தொட்டி காலியாகி ஏழு தொட்டி நிறைந்திருக்கிறது. ஒரு மூடியைக்கூட ஒருத்தன் திறந்து பார்க்கவில்லை. போர்மேனை அறைந்தது அறைந்ததுதான், அதற்கு நான் மன்னிப்பு கேட்க மாட்டேன். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்பதை இந்த நோட்டீஸில் எழுதுகிறேன். அது அவருக்குப் போய்ச் சேரட்டும்.

எழுதுவதற்கு முன்னால் பேச்சியம்மாளிடம் கேட்டேன். "எம் பேரையும் போடுங்கக்கா. பெரிய எழுத்துல போடுங்க" என்றாள். குழாயடியில் நாங்கள் இரண்டு பேரும் நின்று ஆளுக்கு ஒரு தாள் கொடுக்கப் போகிறோம். ஏசுகிறவர்கள் ஏசட்டும். குடத்தால் அடிக்கிறவர்கள் அடிக்கட்டும்.

இங்கே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் புதினாவை நான் சாகவிடவில்லை. நீ போன பிறகு ஒரு மாசம் மாடிக்கே ஏறவில்லை. ஏறியபோது நாலு டம்ளரில் உயிர் இருந்தது. போன ஐப்பசியில் நம் மாடித் தண்ணீர் இறங்குகிற குழாயை நேராக டிரம்முக்குத் திருப்பினேன். முதல் மழை மாடி அழுக்கையும் கம்பெனிப் புகையையும் கழுவிக்கொண்டு வரும் என்று அதைத் தெருவில் விட்டேன். அடுத்த மழையைப் பிடித்து மூடி வைத்தேன். உன் மீட்டரை விட்டுப் பார்த்தேன். நீ குதித்த நம்பர் எது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அதுவும் சின்ன நம்பர்தான். நல்ல தண்ணீர் நம் தலைக்கு மேலேயே இறங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. மூளை கெட்ட நாம் இரண்டு பேரும் அதைத் தெருச் சாக்கடையில் விட்டுவிட்டு ஊரெல்லாம் கேனைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறோம். நினைத்தால் என்னையே நாலு சாத்துச் சாத்தத் தோன்றுகிறது.

நாலு நாளாக இன்னொன்றும் செய்கிறேன். காலையில் அச்சாபீஸுக்குப் போகிற வழியில் உன் கம்பெனியில் இறங்குகிறேன், கையில் உலக்கையோடு. பஸ்ஸில் எல்லோரும் ஒதுங்கி இடம் கொடுக்கிறார்கள். போர்மேன் என்னைக் கண்டதும் கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டைத் திறந்துவிடுகிறார். எட்டுத் தொட்டியிலும் உலக்கையை இறக்கி ஆழம் பார்க்கிறேன். உலக்கையின் மேல்நுனி இரும்புப் பூண் நனையாவிட்டால், நிறைக்கும் வரை அந்த வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு ஷெட்டுக்குள்ளும் ஒருத்தரையும் விடுவதில்லை. நேற்று ஐந்தாவது தொட்டி நாலு விரல் குறைந்தது. போட்ட கூச்சலில் கம்பெனி முதலாளியே கீழே இறங்கி வந்தார்.

என் கையில் தெம்பு இருக்கிற வரை அந்தத் தொட்டிகள் குறையாது. தெம்பு போன பிறகு உலக்கையைப் பேச்சியம்மாள் வாங்கிக்கொள்வாள். இது உன் வெந்த முதுகு மேல் நான் செய்கிற சத்தியம்.

ஆஸ்பத்திரியில் நீ கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை, காளி. விசிறிக்கொண்டு மட்டும் இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

கரண்டு வந்துருச்சுடா. மோட்டார் ஓடுது. எட்டாவது தொட்டி ரொம்பி வழியுது.

உன் பைப்பை உடைத்தவள்,
உனக்கு முதல் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியவள்,
உன் கூடப்பிறந்த அக்கா
முத்துலட்சுமி